அப்பாவின் சுத்தியல்

பாலிடெக்னிக்கில் சேர வந்த அன்று, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். பொய் இல்லைதான். ஆனால் 'கொல்லுப்பட்டறை' என்று எழுத ஏனோ பேனா வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

அதற்குத் தண்டனை முதல் வருட ஒர்க் ஷாப்பில் கிடைத்தது. சிப்பிங் செய்யும்போது சுத்தியல் உளியை விட்டுவிட்டு என் கட்டைவிரலில் விழுந்தது. வீங்கிய விரலைப் பார்த்து அப்பா சிரித்தார். "சுத்தியலைப் பாத்துக்கிட்டா அடிச்ச? இரும்பைப் பாருடா!" என்றார்.

மூன்றாம் ஆண்டில் ரோபோ பாடம் வந்தது. ஒரு பொருளை எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் வைக்க ரோபோ கைக்கு ஆறு அச்சுகள் போதும். "உன் கைக்கு எத்தனை? எண்ணிப் பார்" என்றார் ஆசிரியர். தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கை திரும்ப ஒன்று, மணிக்கட்டில் இரண்டு. விரல்களைச் சேர்க்காமலே ஏழு! ஒன்று கூடுதலாக இருப்பதால் ஒரே இடத்தைத் தொட எண்ணற்ற வழிகள். மூளை எதைத் தேர்ந்தெடுக்கிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

தேடியபோது அகப்பட்டவர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் (1896–1966). மருத்துவம் படித்த ரஷ்யர். 1920களில் மாஸ்கோவில் தொழிலாளர்களின் வேலையை ஆராயும் நிறுவனத்தில் இருந்தார். அங்கே அவர் எதை ஆராய்ந்தார் தெரியுமா நண்பர்களே? உளியின் மேல் சுத்தியல் அடிப்பவரின் கையை! மூட்டுகளில் சின்னஞ்சிறு பல்புகளைக் கட்டி, அந்த ஒளிப்புள்ளிகளைப் படமெடுத்தார். கைதேர்ந்தவரின் அடியில்கூட, மூட்டுகள் போகும் பாதை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது; சுத்தியல் மட்டும் இடம் தவறுவதில்லை. ஒரு மூட்டின் பிசகை இன்னொரு மூட்டு சரிக்கட்டிவிடுகிறது. பழக்கம் என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வதல்ல, ஒரே கணக்குக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக விடை காண்பது என்றார் அவர்.

அடுத்த விடுமுறையில் அப்பாவின் முழங்கையில் ஒன்றும் சுத்தியல் தலையில் ஒன்றுமாக இரண்டு எல்.இ.டி.களை டேப் சுற்றி ஒட்டினேன். இருட்டில், செல்போன் கேமராவைப் பத்து நொடி திறந்து வைத்தேன். படத்தில் முழங்கையின் கோடுகள் சிக்கு விழுந்த நூல்போலக் கிடந்தன. சுத்தியலின் கோடுகளோ கீழே வரவர நெருங்கி, பட்டடையில் ஒரே முடிச்சாகிவிட்டன. இது ஆராய்ச்சி ஆகாது, அளவு எதுவும் எடுக்கவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"கை எப்படிப் போகுதுன்னு தெரியுமாப்பா?" என்றேன். "அது எனக்கு எப்படிடா தெரியும்? எங்க விழணும்னுதான் தெரியும்" என்றார்.

இவ்வளவையும் மூளை எப்படிச் செய்கிறது? கண்ணில் பட்டது கையைத் திருத்துவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓடிவிடும். அதற்குள் சுத்தியல் இறங்கிவிடும். ஆகவே மூளை முன்கூட்டியே கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் நீட்டிய கை தடுமாறி, தொட வேண்டியதைத் தாண்டிப் போய்விடும். இதைப் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஆனால் கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. தங்கைக்கும் படிப்பு இருக்கிறது. பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பிறகு ஆராய்ச்சிக்குப் போக எத்தனை வருடமோ! பயந்து பயந்துதான் அப்பாவிடம் சொன்னேன். உலையைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "நான் என்ன படிச்சவனா, வழி சொல்ல? எங்க போய்ச் சேரணும்னு மட்டும் சரியாப் பாத்துக்க. வழி அப்படி இப்படித்தான் இருக்கும்."

பெர்ன்ஸ்டைன் சொன்னதும் அதைத்தானே!

பணத்துக்கு வழி இன்னும் தெரியவில்லை. ஆனாலும் பி.இ. விண்ணப்பம் வாங்கிவிட்டேன். தம்பி தங்கைகளே, அதில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை முதலில் நிரப்பினேன். 'கொல்லர்' என்று எழுதினேன். பேனா தடுக்கவில்லை.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்