மலைச்சரிவிற் கற்ற பாடம்

விழா மலருக்கு யானும் ஒரு கட்டுரை வரைதல் வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தனர். இலக்கியமும் சமயமும் எழுதுதற்கு அறிஞர் பலர் உளர். யானோ ஹற்றனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் பண்டகசாலையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆகவே, வாகனமொன்றின் பின்னச்சைப் பற்றி எழுதத் துணிந்தேன். என் பிழையொன்றும் அதனுடன் கலந்திருக்கின்றது.

பல்சக்கரங்களின் இயல்பை நம் கல்லூரியின் பௌதிக வகுப்பிற் கற்றுப் பரீட்சையிலும் சித்தியெய்தினேன். பிக்கப் வண்டியின் பின்சக்கரங்களுக்கு நடுவே குடம்போல் தொங்கும் இரும்புக் கூட்டினுள்ளும் பல்சக்கரங்களே சுழல்கின்றன. அதனை 'டிபரென்சல்' என்பர். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவொன்றை எண்ணிப் பாருங்கள். சக்கரங்களின் இடைவெளி நாலரை அடியாயின், அரைவட்டம் திரும்பி முடிவதற்குள் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 14 அடி அதிகம் ஓடுதல் வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பிணைந்திருப்பின் ஒன்று தரையில் இழுபடும். இவ்விடரைத் தீர்க்கும் அமைப்பொன்றுக்குப் பெக்கர் என்னும் பிரெஞ்சு மணிக்கூட்டுக் கலைஞர் 1820களின் பிற்பகுதியிலேயே உரிமம் பெற்றார். இவ்வளவும் யான் அறிந்திருந்தேன். அறிந்தும் பயனில்லை.

1979 ஆம் ஆண்டு ஆடி மாதம். தோட்டத்து மூத்த சாரதி என்னிடம் வந்து, "ஐயா, பின் சக்கரத்து உள்பக்கம் எண்ணெய் ஈரம் தெரியுதுங்க. ரெண்டு சீலும் கொஞ்சம் எண்ணெயும் வேணும்" என்றார். மாதக் கணக்கைச் சுருக்குவதிற் கண்ணாயிருந்த யான், "வண்டி சத்தமில்லாமல்தானே ஓடுகின்றது, அண்ணை? அடுத்த மாதம் பார்ப்போம்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு, கொட்டும் மழையில், பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை அவ்வண்டியில் ஏற்றி டிக்கோயா மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். துணைக்கு யானும் முன்னாசனத்தில் இருந்தேன். முதற் சரிவிலேயே சாரதி பிரேக்கை மிதித்தார். பின்சக்கரங்கள் பிடிக்கவில்லை. முன்சக்கரங்கள் மாத்திரம் இறுகி, வண்டி சேற்றில் வழுக்கிற்று. வலப்புறம் பள்ளத்தாக்கு. அவர் பதறாமல் மிதியை விட்டு, கியரைக் குறைத்து, இடப்புற மண்மேட்டோடு வண்டியை உரசவிட்டுக் கானில் இறக்கி நிறுத்தினார். அயல் தோட்டத்து லொறியொன்றில் அப்பெண்ணை அனுப்பிவைத்தோம். தாயும் சேயும் பிழைத்தது இறைவன் திருவருள்.

மறுநாட் காலை வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாரதி பின்னச்சைச் சோதித்தார். யான் அருகிருந்து விளக்குப் பிடித்தேன். மலையேற்றத்தில் கூட்டினுள் எண்ணெய் சூடேற, உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேற அச்சின் மேற்புறத்தில் சிறியதொரு துவாரம் உண்டு. எங்கள் வண்டியில் அது செம்மண் சேற்றால் அடைபட்டு இறுகிக் கிடந்தது. வழியற்ற காற்று எண்ணெயை அச்சின் முனைகளுக்குத் தள்ள, அது சீல்களைக் கடந்து பிரேக் லைனர்களை நனைத்துவிட்டது. எண்ணெயூறிய லைனரைத் துடைத்துப் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும்.

எண்ணெய் மாற்றும் முறையையும் அன்றே கற்றேன். வண்டி சிறிது ஓடி எண்ணெய் இளஞ்சூடாயிருக்கும்போது வடித்தல் நன்று. முதலில் மேல் அடைப்பையே கழற்றவேண்டும். கீழடைப்பைத் திறந்து எண்ணெய் முழுவதையும் வடித்தபின் மேலடைப்பு கழலாவிடின் ஊற்ற வழியிராது. கீழடைப்பிற் காந்தம் இருப்பின் அதனை உற்று நோக்குக. திருநீறு குழைத்தாற்போன்ற நுண்பசை வழமையான தேய்மானம். இரும்புச் சில்லுகள் தென்படின் பல்லோ பெயரிங்கோ உடைகின்றது. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது. பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அழுத்தும் அச்சுகளுக்கு இயந்திர எண்ணெய் போதாது. அதற்கென அமைந்த 90 ஆம் இலக்கக் கியர் எண்ணெயே தேவை. மேல் துவாரத்தின் கீழ்விளிம்பைத் தொடுமளவு ஊற்றுதல் போதும், மிகினும் தீங்கு.

வேலை முடிந்ததும் யான் தலைகுனிந்து நின்றேன். அவரோ, "ஐயா மேல குத்தமில்லீங்க. சத்தம் போடுற சாமானை எல்லாரும் பாப்பாங்க. சத்தம் போடாததை நாமதான் பாக்கணும்" என்றார்.

பிரேக்கைச் சார்ந்த எந்த வேண்டுகோளும் அடுத்த மாதம்வரை காத்திருத்தலாகாது என்று அன்று மாலையே குறிப்பேட்டில் எழுதினேன். ஓய்வு பெறும்வரை அவ்விதியை மீறியதில்லை. கணக்கேட்டில் மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு மூன்று உயிர்களும் ஏறக்குறைய விலையாகியிருக்கும் என்பதை இன்றும் நினைந்து நடுங்குகின்றேன்.

கல்லூரியன்னை எனக்குப் பல்சக்கரத்தின் கணிதத்தைத் தந்தாள். கற்றபடி நிற்றலைக் கைநாட்டு வைக்கும் ஒரு சாரதியே தந்தார். இரண்டையும் சேர்த்து அவ்வன்னையின் விழாவிற் காணிக்கையாக வைக்கின்றேன்.