பத்தாவது தடவை

என்றைக்குமே ஸ்ராட் வராத காரைத் திருத்துவது எளிது. ஒன்பது தடவை ஒழுங்காக இயங்கி, பத்தாவது தடவை காலை வாரிவிடும் காரே மனிதனைச் சோதிக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோகும் நாளில் அது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். வைத்தியரைக் கண்டதும் பல்வலி மறைவதுபோல நோய் ஒளித்துக்கொள்ளும்.

ரொறன்ரோவில் அதிகாலை வேலைக்குச் செல்லும் நம்மவர்களுக்கு இது சிறு தொல்லை அன்று. முகவர் நிலையமூடாகத் தொழிற்சாலைக்குப் போகிறவன் இரண்டு நாள் பிந்தினால், மூன்றாம் நாள் அவனுக்கு அழைப்பு வராமற் போகலாம். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் ஒரு திறப்பைத் திருகுவதிலே தங்கியிருக்கின்றன. ஊரில் மொறிஸ் மைனர் நின்றுவிட்டால் நாலு பேர் தள்ளினாற் போதும். அல்லது முன்புறத்தில் கம்பியைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் உயிர்பெறும். இங்குள்ள ஓட்டோமற்றிக் கியர் வண்டியை ஊரே திரண்டு தள்ளினாலும் பயனில்லை.

எனது கார் 18 வயதானது. அது முரண்டு பிடிக்கத் தொடங்கியபோது, ஒரு கராஜில் முதலிற் பற்றரியை மாற்றினார்கள். தொல்லை தீரவில்லை. அடுத்து அல்ரனேற்றரை மாற்றவேண்டும் என்றார்கள். எதை அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். விடை கிடைக்கவில்லை. நான் இணங்காமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்றிலிருந்து காருக்குள் ஒரு சிறு கொப்பியை வைத்தேன். ஸ்ராட் வராத ஒவ்வொரு தடவையும் திகதி, குளிரா வெப்பமா, எஞ்சின் ஆறியிருந்ததா சூடாயிருந்ததா, என்ன சத்தம் கேட்டது, முன்விளக்குகள் எப்படி எரிந்தன என்பவற்றைக் குறித்தேன்.

இக்குறிப்புகளே நோயின் இடத்தைக் காட்டுவன. திறப்பைத் திருகும்போது எஞ்சின் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையெனில், குறை பெற்றோல் வழியிலோ தீப்பொறி வழியிலோ இருக்கும். எஞ்சின் சுழலாமல் விளக்குகள் மங்கி அணைவதுபோலானால், பற்றரியையும் அதன் முனைகளிற் படிந்த வெண்பச்சைப் பூஞ்சணத்தையும், காரின் உடலோடு பொருத்திய வயரையும் பார்க்கவேண்டும். எந்தச் சத்தமும் இல்லாவிடின், கியரை 'பார்க்'கிலிருந்து 'நியூற்றலு'க்கு மாற்றித் திருகிப் பார்க்கலாம். அப்போது இயங்கினால் கியரோடு சேர்ந்த ஆளியிலேயே சந்தேகம் விழும்.

என் கொப்பியில் ஏழு தடவைகள் பதிவாயின. குளிரிலும் வெயிலிலும் ஒரே கதைதான்: 'டக்' என ஒரே ஒரு சத்தம், விளக்குகள் மங்கவில்லை, நாலைந்து முறை திருகியபின் ஒன்றும் நடவாததுபோல எஞ்சின் இயங்கியது. ஓய்விலிருந்த பற்றரியில் 12.6 வோல்ற்று இருந்தது. எஞ்சின் ஓடும்போது 14.2. ஆகவே பற்றரியும் அல்ரனேற்றரும் குற்றமற்றவை.

ஊரில் கராஜ் வைத்திருந்த அண்ணர் ஒருவர் கொப்பியை வாசித்துவிட்டு, "தம்பி, இனி வண்டியைப் பார்க்கத் தேவையில்லை, ஸ்ராட்டரைக் கழற்றுவம்" என்றார். ஸ்ராட்டரின் மேலுள்ள சொலனோயிட் என்ற மின்காந்த ஆளியைத் திறந்தபோது, உள்ளேயிருந்த செப்புத் தகடுகள் இரண்டில் ஒன்று பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. தகடு சரியாகத் தொட்ட நாளில் மின்சாரம் பாய்ந்தது. தொடாத நாளில் 'டக்' என்ற ஒலியோடு எல்லாம் நின்றது. இரண்டு தகடுகளையும் புதிதாகப் போட்டார். அவற்றின் விலை பற்றரியின் விலையிற் சிறு பங்குகூட இல்லை. அதன்பின் இரண்டு பனிக்காலங்கள் கடந்துவிட்டன. கொப்பியில் எட்டாவது குறிப்பு விழவில்லை.

பனிக்காலத்திற் பற்றரியைச் சந்தேகிப்பது நியாயமே. பாகை −18 இல் அதன் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். ஆயினும் சந்தேகம் வேறு, சோதனை வேறு. மலிவான மீற்றர் ஒன்றும் ஒரு கொப்பியும் இருந்தால், உழைத்த பணத்தை ஊகத்துக்குக் கொடுக்கவேண்டியதில்லை. பழைய காரை ஓட்டுகிற நம்மவர்கள், அது மறுக்கும் வேளையிற் கோபத்தோடு திறப்பைத் திருகிக்கொண்டே இராமல், ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். தன் நோயை அது சொல்வது அந்த ஒரு நிமிடத்தில் மட்டுமே.