தளை தட்டும் நாடி

நெடுந்தூரம் ஓடுகிறவனின் இதயம் மெதுவாகத் துடிக்கும் என்பது எல்லோரும் அறிந்த விஷயம். அதன் மின்னியக்கமே மாறிவிடுகிறது, ஈ.ஸி.ஜி. எடுத்தால் நோயாளியின் இதயம் போலத் தோன்றக்கூடும் என்பது அவ்வளவாகத் தெரியாது. எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. வேலப்பன்சாவடியிலிருந்து திருவேற்காடு பக்கமாகத் தினமும் விடியலில் ஓடுகிறவன் நான்; பூந்தமல்லி நெடுஞ்சாலையை லாரிகள் நிறைப்பதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஒரு பரிசோதனையில் இயந்திரம் என் துடிப்பு நிமிஷத்துக்கு 44 என்று அச்சிட்டு, 'அசாதாரணம்' என்ற தீர்ப்பையும் கீழே சேர்த்திருந்தது. பார்த்த டாக்டர், இனி நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு தூரம், எத்தனை வருஷமாக என்று கேட்கவில்லை.

துடிப்பை ஒரு நடையாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவம் வாத நாடிக்கு அன்னத்தையும் மயிலையும் சொல்கிறது. பித்தத்துக்கு ஆமை, அட்டை. ஐயத்துக்குத் தவளை, பாம்பு. மேற்கிலும், ஈ.ஸி.ஜி. வருவதற்கு முன்பே, 1899இல் வெங்கபாக் என்ற டச்சு மருத்துவர் நாடிப் பதிவுகளிலிருந்தே ஒரு விசித்திர ஒழுங்கைக் கண்டார். மேலறையின் தூண்டல் கீழறைக்குப் போய்ச் சேரும் இடைவெளி துடிப்புக்குத் துடிப்பு நீண்டுகொண்டே போய், ஒரு துடிப்பு விழாமல் போகிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து. யாப்பறிந்தவர் தளை தட்டுகிறது என்பார். அதே 1899இல் ஸ்வீடனில் ஹென்ஷென் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்கள் இதயம் பெருத்திருப்பதைச் சொன்னார்.

மெதுவான துடிப்புக்கு வேகஸ் நரம்பின் கடிவாளம்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். மான்செஸ்டரில் மார்க் பாயெட் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. பயிற்சி கொடுத்த எலிகளில் நரம்பின் செல்வாக்கைத் தடுத்த பிறகும் மந்தம் நீடித்தது. துடிப்பைத் துவக்கும் சைனஸ் கணுவின் செல்களிலேயே ஒரு மின்னோட்டம் குறைந்திருந்தது. அதன் வினோத நடத்தையால் விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் 'வேடிக்கை மின்னோட்டம்'. பழக்கம் திசுவுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

விளையாட்டு வீரர்களின் ஈ.ஸி.ஜி.யைப் படிப்பதற்கென்று 2017இல் வெளியான சர்வதேச வரையறை, நிமிஷத்துக்கு 30 வரை இறங்கும் துடிப்பையும், வெங்கபாக் கண்ட தடையையும், உயரமான அலைகளையும் பயிற்சியின் இயல்பான விளைவுகளாக ஏற்கிறது. கறுப்பின வீரர்களுக்கு டி அலையின் ஒருவகைத் தலைகீழ் வடிவம் இயல்பு என்று தனியே குறிக்கிறது. நான் பிறகு பார்த்த இதய நிபுணர் என் தாளைத் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்டார். ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா? குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா? பதில் வேறாக இருந்தால் இதே தாளை வேறு மாதிரி படிப்பேன் என்றார். விமர்சனம் பற்றி இவ்வளவு தெளிவான ஒரு வாக்கியத்தை நம் பத்திரிகைகளில் நான் அதிகம் படித்ததில்லை.

1959இல் 'எழுத்து' வந்தபோது புதுக்கவிதையைத் தளை தட்டும் செய்யுளாகவே பார்த்தவர்கள் அநேகர். உட்கார்ந்திருப்பவனின் இலக்கணத்தால் ஓடுகிறவனை அளந்தார்கள். அதை எதிர்த்த நாம், பின்னால், தட்டுவதெல்லாம் புதிய லயம் என்று சொல்லப் பழகிவிட்டோம். இதயம் இதற்கு இடம் தருவதில்லை. ஸ்வீடனின் 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் பந்தயத்தை 1989 முதல் 1998 வரை முடித்த 52,755 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களிடம் மேலறை நடுக்கம், ஒரே முறை முடித்தவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். அது லயம் அல்ல, லயம் கெடுவது. ஓட்டக்காரன் என்ற சலுகை அதற்குக் கிடையாது. ஈ.ஸி.ஜி.யில் பக்கவாட்டுப் பதிவுகளில் டி அலை தலைகீழானால் அவனையும் முழுமையாகச் சோதித்தே ஆக வேண்டும்.

ஆகவே படிப்பவனுக்கு இரண்டு வேலைகள். இந்தக் கோடு எந்த உழைப்பிலிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். விசாரித்த பிறகும், உழைப்பின் பெயரால் எதை மன்னிக்க முடியாது என்று சொல்லியாக வேண்டும். முதல் வேலையைத் தவிர்ப்பவன் கையில் ஆரோக்கியமானவன் நோயாளியாகிறான். இரண்டாவதைத் தவிர்ப்பவன் கையில் நோயாளி பாராட்டுப் பெற்றுக்கொண்டே சாகிறான். நம் வட்டத்தில் இப்போது அதிகம் நடப்பது இரண்டாவது.