டிஸ்க்கா, டவுன்லோடா? வேதாரண்யத்தைக் கேளுங்க!

பி.எஸ்.5 வாங்க காசு சேர்த்துக்கிட்டு இருக்கீங்களா பாஸ்? கூடவே ஒரு குழப்பமும் ஒட்டிக்கிட்டு இருக்குமே... டிஸ்க் போடுற மாடலா, டிஜிட்டல் மாடலா? 2021 பிப்ரவரியில அது இந்தியாவுக்கு வந்தப்போ டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். பத்தாயிரம் வித்தியாசம்! ஹாஸ்டல்ல இருக்கிறவனுக்கு அது எத்தனை மாச மெஸ் பில்?

அவசரப்பட்டு முடிவு எடுக்காதீங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதாரண்யம் போயிட்டு வாங்க. 'கேமுக்கும் வேதாரண்யத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?'னு நீங்க முறைக்கிறது தெரியுது. இருக்கு. 'ஒரு பொருள் என் கையில இருக்கிறது வேற, அது எனக்குச் சொந்தமா இருக்கிறது வேற'ங்கிற விஷயத்தை இந்த ஊர் மாதிரி சொல்லிக்கொடுக்கிற இடம் தமிழ்நாட்டுல குறைவு.

நாகப்பட்டினத்துல இருந்து பஸ் இருக்கு. ரயில் ஆசை இருந்தா திருத்துறைப்பூண்டி போயிடுங்க. அங்கே இருந்து அகஸ்தியன்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர் பாதை, அகலப்பாதையா மாறி 2023 ஏப்ரல் 8-ல திறந்தாங்க. ஜன்னல் சீட்டைப் பிடிங்க. காவிரித் தண்ணி கடைசியா எட்டிப் பார்க்கிற பூமி இது. வயல், தென்னந்தோப்புன்னு பச்சையா ஓடிக்கிட்டே இருந்து, திடீர்னு வெள்ளை வெளேர்னு உப்பளம் வரும். வெயில் காலத்துல போனா குவிச்சு வச்ச உப்பு கண்ணைக் கூசவைக்கும். மழைக்காலத்துல உப்பு வேலை நின்னுடும்.

கதவு சொல்ற கதை

முதல்ல கோயிலுக்குப் போங்க. 'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு'ன்னு பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. விளக்கை விடுங்க, நமக்கு முக்கியம் கதவு. வேதங்களே வந்து பூஜை பண்ணிட்டு வாசல் கதவைப் பூட்டிட்டுப் போயிடுச்சாம். அப்புறம் வந்த ஜனங்க எல்லாம் பக்கத்துல வேற வழியா உள்ளே போய் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அப்பரும் சம்பந்தரும் வந்தப்போ, அப்பர் பதிகம் பாடிக் கதவைத் திறந்தார். ரொம்ப நேரம் பாடவேண்டியிருந்ததாம். சம்பந்தர் பாடி மூடினார், அவருக்கு முதல் பாட்டுலயே மூடிக்கிச்சு. இதுதான் தலபுராணம்.

இப்ப உங்க டிஜிட்டல் லைப்ரரியை நினைச்சுப் பாருங்க. சாமி உள்ளேதான் இருக்கார். ஆனா கதவு வேற ஒருத்தர் கையில! நின்டெண்டோ கம்பெனி 3டிஎஸ், வீ யூ ரெண்டோட ஆன்லைன் கடையையும் 2023 மார்ச் 27-ல மூடிடுச்சு. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலையில மூடுச்சு. ஏற்கெனவே வாங்கினவங்க திரும்ப டவுன்லோட் பண்ணிக்க விட்டாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா புதுசா ஒருத்தர் வாங்கணும்னா? டவுன்லோடா மட்டுமே வந்த கேம்களுக்கு நியாயமான வழியே கிடையாது. 'பி.டி.'ன்னு ஒரு திகில் டெமோ, 2014-ல பி.எஸ்.4-க்கு இலவசமா வந்துச்சு. 2015-ல கடையில இருந்து தூக்கிட்டாங்க. மெஷின்ல அழிக்காம வச்சிருந்தவங்ககிட்ட மட்டும்தான் மிச்சம். டிஸ்க்கா வந்திருந்தா இன்னிக்கும் பழைய சாமான் கடையில எங்கேயாவது கிடைச்சிருக்கும்.

உப்பு சொல்ற கதை

அடுத்து அகஸ்தியன்பள்ளி. உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இங்கேதான் இருக்கு. 1930 ஏப்ரல் 13-ல ராஜாஜி தலைமையில சுமார் நூறு பேர் திருச்சியில இருந்து நடக்க ஆரம்பிச்சாங்க. வழியில இவங்களுக்குச் சோறு, தங்க இடம் கொடுத்தா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். நம்ம ஜனங்க சும்மா இருப்பாங்களா? சோத்துப் பொட்டலத்தை மரத்துல கட்டித் தொங்கவிட்டாங்க! 28-ம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தாங்க. 30-ம் தேதி உப்பு அள்ளினாங்க. ராஜாஜி கைதானார். உள்ளூர்ல எல்லா ஏற்பாட்டையும் தோள்ல சுமந்த சர்தார் வேதரத்தினமும் சிறைக்குப் போனார்.

கவனிச்சீங்களா? உப்பு இந்த மண்ணுலயே தானா விளையுது. காலடியில கிடக்குது. ஆனா அனுமதி இல்லாம அள்ளினா குற்றம். அந்தத் தியாகத்தையும் நம்ம கேமையும் ஒரே தராசுல வைக்கல. அப்படி வச்சா வேதாரண்யத்துக்காரங்க என்னை உப்பளத்துலயே புதைச்சிடுவாங்க. ஆனா அந்த உப்பு மண்ணுல நின்னா ஒரு கேள்வி தானா வரும்: கண் முன்னால இருக்கிறதைத் தொட யாரோட பர்மிஷன் வேணும்?

டிஜிட்டல் கடையில 'வாங்கு' பட்டனை அமுக்கும்போது நீங்க வாங்கறது கேமை இல்ல பாஸ், விளையாடறதுக்கான லைசென்ஸை. இதை மறைச்சு விக்கக்கூடாதுன்னு கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1-ல அமலுக்கு வந்துடுச்சு.

'அப்போ டிஸ்க் வாங்கிட்டா நான் ராஜா!'ன்னு குதிக்காதீங்க. 'தி க்ரூ'ன்னு ஒரு கார் ரேஸ் கேம். யூபிசாஃப்ட் 2014-ல விட்டது. எப்பவும் சர்வரோட தொடர்பு இருந்தாத்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல சர்வரை நிறுத்தினாங்க. காசு கொடுத்து டிஸ்க் வாங்கி வச்சிருந்தவனுக்கும் கையில மிஞ்சினது வட்டமா ஒரு பிளாஸ்டிக். அந்தக் கோபத்துல ராஸ் ஸ்காட் ஆரம்பிச்ச 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தோட மனுவுக்கு, ஐரோப்பாவுல 2025 ஜூலையில பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டிடுச்சு. இவங்க 'சர்வரைக் காலம் பூரா ஓட்டு'ன்னு கேக்கல. 'கடையைக் கட்டும்போது விளையாடற நிலைமையில விட்டுட்டுப் போ'ங்கிறாங்க. நியாயம்தானே?

புயல் சொல்ற கதை

இப்ப டிஜிட்டல் கட்சிக்கு வருவோம். அவங்க பக்கமும் நியாயம் இருக்கு.

2018 நவம்பர் 16 விடிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. தென்னை, மா எல்லாம் வேரோட சாய்ஞ்சது. பல கிராமங்கள்ல வாரக்கணக்கா கரன்ட் இல்ல. செல்போன் டவரும் படுத்துடுச்சு. கூரையே பறந்த வீட்டுல அலமாரியில அடுக்கின டிஸ்க் என்ன ஆகும்? ஆனா அக்கவுன்ட்ல இருக்கிற கேம், வெள்ளம் வடிஞ்சு புது மெஷின் வாங்கினதும் திரும்ப வந்துடும். கடலோர ஊர்ல உப்புக்காத்து எதையும் விட்டுவைக்காது. கதவுக் கீலையே தின்னுடும்போது கன்சோல்ல இருக்கிற டிரைவ் எம்மாத்திரம்?

இன்னொண்ணு, கடை. கேம் ரிலீஸ் ஆகிற அன்னிக்கு டிஸ்க் கையில கிடைக்க, டெல்டாவோட கடைக்கோடியில இருக்கிறவன் கூரியர்காரரைத்தான் நம்பணும். டிஜிட்டல்ல சென்னைக்காரனுக்கும் கோடியக்கரைக்காரனுக்கும் ஒரே நிமிஷத்துல கதவு திறக்கும். அது பெரிய சமத்துவம், ஒத்துக்கணும்.

ஆனா கணக்கும் போடணும். பெரிய கேம்கள் இப்ப சாதாரணமா 100 ஜி.பி. வருது. வீட்டுல பைபர் லைன் இருந்தா ஒரு ராத்திரி. தினம் 2 ஜி.பி. மொபைல் பேக்கை நம்பினா 50 நாள்! செமஸ்டர்ல பாதி முடிஞ்சுடும்.

கை மாறுற சுகம்

எல்லாத்தையும் விட எனக்குப் பெரிசா படறது வேற. டிவி கேம் காலம் ஞாபகம் இருக்கா? இல்லாட்டி அண்ணன்கிட்ட கேளுங்க. '9999 இன் 1'ன்னு மஞ்சக் கலர் கேசட்டு. உள்ளே அதே நாலஞ்சு கேம்தான் திரும்பத் திரும்ப வரும். ஊதிட்டுப் போட்டா ஓடும்னு ஒரு நம்பிக்கை. தெருவுல ஒருத்தன்கிட்ட மரியோ, இன்னொருத்தன்கிட்ட கான்ட்ரா. மாத்தி மாத்தி விளையாடினதுல பாதித் தெரு ஃப்ரெண்ட் ஆச்சு. டிஸ்க்ல அது இன்னமும் நடக்கும். மூணு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கலாம். முடிச்சதும் வித்துட்டு அடுத்ததுக்குக் காசு தேத்தலாம். டவுன்லோட் பண்ண கேமை விக்க முடியாது. காசு எண்ணிச் செலவு பண்ற நமக்கு அதுதான் உண்மையான நஷ்டம். ரெண்டு மூணு டிஸ்க்கைக் கை மாத்தினாலே ஆரம்பத்துல கூடுதலா கொடுத்த பத்தாயிரம் மெதுவா வசூல் ஆக ஆரம்பிச்சுடும்.

அப்போ எதை வாங்கறது?

யோசிச்சுக்கிட்டே கோடியக்கரை போங்க. அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள போனா வெளிநாட்டுப் பறவைகள் கூட்டம் கூட்டமா வந்திருக்கும். 1967-ல அறிவிச்ச சரணாலயத்துல வெளிமான் துள்ளிக்கிட்டு ஓடும். கடற்கரையில சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம்னு சொல்ற இடத்துல சிதைஞ்ச கல்லுதான் மிச்சம். 2004 சுனாமி அதையும் சேர்த்து அடிச்சது. கல்லே நிக்கலைன்னா டிஸ்க் மட்டும் சாஸ்வதமா? அதுவும் கீறும், கெடும்.

அதனால என் கட்சி இது. கதை சொல்ற, ஒருத்தரே விளையாடற கேம்னா டிஸ்க். முழு கேமும் அதுல இருக்கான்னு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. சிலதுல டிஸ்க் வெறும் சாவிதான், மீதி டவுன்லோட். ஆன்லைன்ல கூட்டமா ஆடற கேம்னா டிஜிட்டலே போதும். சர்வர் போனா ரெண்டும் ஒண்ணுதான். மெஷின் வாங்கும்போது டிரைவ் மாட்ட வழி இருக்கிறதா பாருங்க. பி.எஸ்.5 ஸ்லிம் டிஜிட்டல்ல தனியா டிரைவ் வாங்கி மாட்டிக்கலாம். பழைய டிஜிட்டல் மாடல்ல முடியாது. மாட்டும்போதும் ஒரு தடவை நெட் வேணும், கவனம்!

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கம்பெனிக்காரனை ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. 'நாளைக்கு நீ கடையை மூடினா இது ஓடுமா? என் ஃப்ரெண்டுக்கு இதை நான் கொடுக்கலாமா?' ரெண்டுக்கும் 'இல்லை'ன்னா, அது வாடகை. வாடகைக்கு வாங்கறதுல தப்பே இல்ல பாஸ்... ஆனா சொந்த வீட்டு விலையைக் கொடுத்துட்டு வராதீங்க!