பொய்த் தவளையும் பொறுமையும்

எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் ஒரு பழைய அலுமினியப் பாத்திரம் இருக்கும். தெரியாத்தனமாக யாரும் எடுத்து அதில் காபி போட்டுவிடக் கூடாதென்று, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன். காரணம், அதில் நான் கொதிநீர் ஊற்றிப் போடுவது தவளை!

முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! உயிர்த் தவளை இல்லை. மெத்தென்ற பிளாஸ்டிக்கில், உள்ளே வெறும் காற்றை வைத்துச் செய்த பொய்த் தவளை. மீன் பிடிப்பதற்கான பொய் இரை.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊர்க் குளத்தில் விரால் பிடிக்கிறவர்கள் சின்னத் தவளையைத் தூண்டில் முள்ளில் கோத்து, அல்லி இலைகளுக்கு நடுவே தத்தித் தத்தி இழுப்பார்கள். 'தொப்'பென்று விரால் எழும்பும். கல்யாணமாகி 1989-ல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில்லுக்கு வந்தேன். ராக்கெட் ஆராய்ச்சிக்குப் பேர் போன ஊர். இங்கும் தவளையைக் காட்டி மீன் பிடிப்பார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

காரில் ஒரு மணி நேரத்துக்குள் கன்டர்ஸ்வில் ஏரி. டென்னசி ஆற்றின் குறுக்கே கட்டி, 1939-ல் முடித்த அணையால் உண்டானது. சுமார் 69,000 ஏக்கர் பரப்பு. அலபாமாவிலேயே பெரிய ஏரி இதுதான். கோடை முற்றும்போது நீர்ப்பூண்டு மேலே வந்து, பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். அந்தப் பாசிப் பாய்க்கு அடியில் நிழலில் படுத்திருக்கும் 'லார்ஜ்மவுத் பாஸ்' என்கிற பெரிய வாய் மீன். பச்சை முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிற வாய். 1975-லிருந்து இந்த மாநிலத்தின் நன்னீர் மீன் என்ற பட்டமும் அதற்கு உண்டு. என் வீட்டுக்காரருக்கு இந்த மீன் மேல் அப்படி ஒரு பைத்தியம். சனிக்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவார்.

2022 மார்ச்சில் ஒருநாள் காலை, அவர் கையிலிருந்த காபி டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியது. முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் - இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். சீக்கிரம் கொண்டு போனதால் உயிருக்கு ஆபத்தில்லாமல் போயிற்று. பேச்சும் திரும்பியது. ஆனால் வலது கையில் பழைய பலம் வரவில்லை.

ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். மரக்கட்டையை எடுத்து அடுக்கச் சொன்னார்கள். "சின்னக் குழந்தையா நான்?" என்று ஒதுக்கி வைத்துவிடுவார். தூண்டில் கழிகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.

"விடு... இனிமே நமக்கு எதுக்கு மீனு?" என்றார் ஒருநாள்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கழியைக் கொடுத்தால் மனுஷரும் மூலையில் உட்கார்ந்துவிடுவார் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. "உங்க கைக்கு ஏத்த மாதிரி தவளைய மாத்தித் தரேன். வாங்க பார்க்கலாம்" என்றேன். அப்போது எனக்குத் தவளையைப் பற்றி ஒன்றும் தெரியாது! பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், வாழ்நாளெல்லாம் அந்த ஏரியில் மீன் பிடித்தவர். அவரிடம் போய்ப் பாடம் கேட்டேன்.

ஏன் தப்பிக்கிறது?

இந்தத் தவளையின் வயிற்றடியிலிருந்து இரட்டை முள் ஒன்று கிளம்பி, பின்பக்கமாக வளைந்து, நுனிகள் இரண்டும் முதுகோடு ஒட்டி மேலே பார்த்தபடி இருக்கும். அதனால்தான் பாசியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. மீன் வாயில் அமுக்கினால் உடம்பு சப்பையாகி, முள் வெளியே தெரியும். இந்தச் சௌகரியமே தொல்லையும்கூட. உடம்பு சப்பையாகாவிட்டால் முள் தைக்காது.

இன்னொன்று, பாஸ் மீன் இரையைக் கடித்துத் தின்பதைவிட, வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சி இழுப்பதுதான் அதிகம். தவளையோ பாசிக்கு மேலே இருக்கிறது. நடுவில் பாய் மாதிரி பாசி. உறிஞ்ச முடியாமல் முட்டித் தள்ளும். தண்ணீர் வெடித்த மாதிரி சிதறும். கரையில் நிற்பவர் பதறிப் போய்ச் சுண்டி இழுப்பார். மீன் வாயில் தவளையே இருக்காது! பத்து தடவை மீன் எழும்பினால் எங்கள் கைக்கு வந்தது ஆரம்பத்தில் இரண்டோ மூன்றோதான். காலண்டர் தாளின் பின்னால் கோடு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறேன்.

சமையலறை வேலைகள்

கடையில் வாங்கின புதுத் தவளை கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கொதிக்கும் நீரை அந்தத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி, தவளையை ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, முள் கையில் படாமல் துணியால் பிடித்து நன்றாகப் பிசைந்து விடுவேன். ஆறினதும் கட்டை விரலால் முதுகை அமுக்கிப் பார்க்க வேண்டும். முள்ளின் இரண்டு நுனிகளும் பளிச்சென்று வெளியே வந்தால் சரி. கை பலம் குறைந்தவருக்கு முதல் உதவி இதுதான்.

அடுத்து முள். குறட்டால் நுனிகளை வெளிப்புறமாக ஒரு நூல் அளவுக்கும் குறைவாகத் திருப்புவேன். அதிகமாகத் திருப்பினால் பாசியை வாரிக்கொண்டு வரும். சரிபார்க்க, தேங்காய்ப்பூத் துண்டின் மேல் தவளையை மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். மாட்டாமல் வர வேண்டும். நுனி மழுங்கியிருந்தால் சின்ன அரத்தால் நாலு தடவை தீட்டுவது. கட்டை விரல் நகத்தின் மேல் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும்.

மூன்றாவது, கால்கள். ரப்பர் இழைகளால் செய்த நீளமான கால்கள் பார்க்க அழகுதான். ஆனால் மீன் பல தடவை அந்தக் காலை மட்டும் கவ்வி விட்டுவிடும். என் தையல் கத்தரிக்கோலால் ஒரு அங்குலம் போலக் குறைத்துவிட்டேன். ஒரு காலை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்டினால் தவளை இடமும் வலமும் ஆடி நடக்கிறது.

நாலாவது, சைக்கிள் பால்ரஸ் குண்டு இரண்டு மூன்றை முள் வெளியே வரும் ஓட்டை வழியாக உள்ளே போடுவது. பின்பக்கம் தாழ்ந்து, முள் இருக்கும் இடம் மீனுக்குக் கிட்டே வரும். கிலுகிலுவென்று சத்தமும் கேட்கும். நிறையப் போட்டால் மூழ்கிவிடும். வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துப் போடுங்கள்.

அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீரும் உள்ளே போகும். தண்ணீர் நிரம்பிய தவளை சப்பையாகாது. நாலைந்து வீச்சுக்கு ஒரு தரம் பிழிந்து விட வேண்டும். இந்தப் பிழிகிற வேலையை நான் அவருடைய வலது கைக்கு ஒப்படைத்துவிட்டேன். முள் நுனிகளுக்குக் கார்க் செருகிக் கொடுப்பேன். ரப்பர் பந்தைத் தொடாதவர், தவளையை மட்டும் முணுமுணுக்காமல் பிழிந்தார்! எங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "நல்லது, விடாமல் செய்யட்டும்" என்று சிரித்தாள்.

கரையில்

தூண்டில் நூலும் முக்கியம். சாதாரண நைலான் நூல் இழுத்தால் நீளும். நீண்டால் வேகம் முள்ளுக்குப் போய்ச் சேராது. நீளாத பின்னல் நூல், 50 அல்லது 65 பவுண்டு தாங்குவதாக வேண்டும். கழி ஏழடிக்குக் குறையாமல், முனை மட்டும் வளைந்து அடி உறுதியாக இருக்க வேண்டும். ரீல் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே ஏழு சுற்றுக்கு மேல் சுற்றுகிற மாதிரி வாங்கினோம். தளர்ந்த கைக்குத் தொய்வை எடுக்கும் வேலை பாதியாகக் குறைந்தது.

அவர் இடது கையால் வீசப் பழகினார். கழியின் அடியை வயிற்றோடு அணைத்து, வலது கையால் மெல்லச் சுற்றுவார். மணிக்கட்டால் சுண்டாமல் இடுப்பைத் திருப்பி உடம்பின் கனத்தால் இழுப்பார். இந்த இழுப்பு நம்மைப் போன்ற பெண்களுக்கும் நல்லது. ஐம்பது வயதுக்கு மேல் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வேலை கொடுத்தால் ராத்திரி தூங்க விடாது.

பாசிக்கு அடியில் கடுகு வெடிக்கிற மாதிரி 'பட் பட்'டென்று சத்தம் கேட்டால் நல்ல இடம். சின்ன மீன்கள் பூச்சியைத் தின்னும் சத்தம் அது. அதைத் தேடிப் பெரியது அங்கேதான் இருக்கும். பாசியில் ஓட்டை தெரிந்தால் அதில் தவளையை நிறுத்தி, மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். ஓடுகிற தவளையைவிட நிற்கிற தவளையை மீன் குறி தவறாமல் பிடிக்கும்.

இனி, உயிர் போகிற கட்டம்! தண்ணீர் வெடிக்கும். அப்போது கண்ணை நம்பக் கூடாது, கையை நம்ப வேண்டும். கழி முனையை மீன் பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, நூலில் பாரம் தெரிந்த பிறகே பலமாக இழுக்க வேண்டும். பக்கத்தில் நின்று நான் எண்ணுவேன்: "என்னங்க, இருங்க... ஒண்ணு... ரெண்டு... இப்போ!" முன்பெல்லாம் சத்தம் கேட்ட மாத்திரத்தில் சுண்டிவிடுவார். இப்போது அந்தக் கை எழும்பத் தாமதமாகிறது. அந்தத் தாமதம்தான் மீனுக்கு வாயை மூட நேரம் கொடுக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னபோது, இவர் நீண்ட நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

தைத்த பிறகு தொய்வு விடவே கூடாது. மீன் தலையைப் பாசிக்கு மேலே தூக்கியபடியே இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். தப்பிவிட்டால் தவளையைப் பிடுங்கி எடுக்காதீர்கள். அங்கேயே கொஞ்சம் அசைத்துவிட்டு நிறுத்துங்கள், திரும்ப வரலாம். வராவிட்டால், அது உடைத்த அதே ஓட்டையில் மெத்தென்ற பிளாஸ்டிக் புழு ஒன்றை மெதுவாக இறக்குங்கள். பாதி நாள் அதில் மாட்டும்.

2023 செப்டம்பரில் அப்படி எண்ணி இழுத்த ஒன்று ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வலையில் ஏந்தியது நான். அதன் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கியது அவருடைய வலது கை. விரல்கள் நடுங்கின. ஆனால் விடவில்லை. அந்த வருஷத்து காலண்டரில் பத்துக்கு ஐந்து, சில நாள் ஆறு என்று கோடுகள் ஏறியிருக்கின்றன.

சில எச்சரிக்கைகள்

மீன் தப்பினால் தவளை குண்டு மாதிரி நம் முகத்தை நோக்கிப் பறந்து வரும். கறுப்புக் கண்ணாடியும் விளிம்பு வைத்த தொப்பியும் இல்லாமல் நிற்கவே கூடாது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் அப்படித்தான். படகில் ஏறினால் மிதவைச் சட்டை கட்டாயம். வெயிலில் தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடியுங்கள். பொய்த் தவளைகளை நசுங்கிய நிலையிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வைத்தால் உருக்குலைந்துவிடும்.

நாங்கள் பிடித்ததைப் பெரும்பாலும் ஏரியிலேயே விட்டுவிடுகிறோம். மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் வயதான பெரிய பாஸ் மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் குழந்தைகளும் எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநில சுகாதாரத் துறை வெளியிடும் அறிவிப்பைப் பார்த்த பிறகே சாப்பிட வேண்டும். எப்போதாவது ஆசைக்கு ஒரு சின்ன மீனைக் கொண்டுவந்து புளிக்குழம்பு வைப்பேன். விரால் ருசி வராது. குறை சொல்லவும் முடியாது.

வீட்டில் யாருக்காவது கை கால் தளர்ந்திருந்தால், அவர்கள் ஆசையாகச் செய்து வந்த வேலையை "இனி முடியாது" என்று மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். பூத்தொடுப்பதோ, வீணையோ, தோட்டமோ எதுவாக இருந்தாலும் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசியுங்கள். கை கருவிக்கு வளையாவிட்டால், கருவியைக் கைக்கு வளைக்கலாம். அதற்கு ஒரு குறடும் கத்தரிக்கோலும் கொஞ்சம் வெந்நீரும் போதும். மற்றதற்கு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் சரி.