மாரடைப்பு என்னும் சொல்

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் ஊர்களிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் 'நெஞ்ச அடைக்குது' என்று சொல்வதுண்டு. மாரடைப்பு என்ற நோய்ப்பெயர் அந்தப் பேச்சுக்கு ஒரு கை தூரத்தில்தான் நிற்கிறது. மார், நோயாளி கைவைத்துக் காட்டும் இடம். அடைப்பு, அவர் படும் வேதனை. நோயின் காரணமும் அடைப்பேதான்: பெரும்பாலும், இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை மூடிவிடுகிறது. 1768-இல் லண்டனில் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் விவரித்த 'ஆஞ்சைனா' நெரிபடும் உணர்வை மட்டும் சொல்லும் லத்தீன் சொல். தசை மடிவதைக் குறிக்கும் 'இன்ஃபார்க்‌ஷன்' திணித்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. 'ஹார்ட் அட்டாக்' காரணத்தையே சொல்வதில்லை. வேதனையையும் காரணத்தையும் ஒருசேரச் சொல்வது தமிழ்ச் சொல்தான்.

அடைபட்டது தமனி, மார் அல்ல. எனவே சொல் துல்லியமற்றது என்பார்கள். நோய்ப்பெயர் உடற்கூற்றியல் வரைபடமாக இருக்க வேண்டியதில்லை. ஆபத்தை உடனே உணர்த்தினால் போதும். திடீர் மரணம் எல்லாவற்றையும் மாரடைப்பு என்றே சொல்லும் பழக்கம் இதைவிடக் கனமான மறுப்பு. மாரடைப்பில் பெரும்பாலும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், நோயாளி பேசுவார். துடிப்பே நின்றுபோவது வேறு. அங்கே உடனே மார்பை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்க வேண்டும். முதலாவது இரண்டாவதில் முடியலாம் என்பதால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்வது உயிர்காக்கும் வேலையாகிறது. மூன்றாவது மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன்: சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களில் பலருக்கும் மார்வலியே வராமல் மூச்சுத் திணறலோ வியர்வையோ தாடை வலியோ மட்டும் வரலாம். 'மார்' என்ற பகுதி அவர்களை ஏமாற்றிவிடும். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக் காத்திருப்பார்கள்.

ஆனாலும் சொல்லை மாற்றத் தேவையில்லை, விளக்கத்தைச் சேர்த்தால் போதும். அடைப்பு என்றாலே திறக்கலாம் என்பது தமிழ்க் காதுக்குப் புரியும். வாய்க்கால் அடைத்தால் பயிர் வாடுமுன் திறந்துவிட வேண்டும் என்பது கரிசல் விவசாயிக்குத் தெரியும். உறைகட்டியைக் கரைக்கும் மருந்து முதல் 12 மணி நேரத்துக்குள், அதிலும் முந்திக் கொடுத்தால்தான் அதிகம் பயன் தரும். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் இதற்காகத்தான். மாரடைப்பு என்று சொல்லும் மருத்துவர் எது அடைத்தது, அது எவ்வளவு நேரத்துக்குள் திறக்கப்பட வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.