துளைக்கு நேரே

மழையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இரண்டு துணை உண்டு. ஒன்று டிஸ்க் பிரேக், மற்றது மட்கார்டு. முதலாவதைக் கூடுதல் காசு கொடுத்து, கேட்டு வாங்குகிற இளவட்டங்கள் இரண்டாவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள். விலை ஏற ஏற சைக்கிளில் மட்கார்டு இருக்கக் கூடாது என்று யாரோ சட்டம் போட்டதுபோல, கடைகளில் நிற்கிற வண்டிகள் எல்லாம் மொட்டையாக நிற்கின்றன. மழையில் நன்றாக நிற்க வேண்டுமாம், நனையாமல் போக வேண்டாமாம். இந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை.

எங்கள் காலத்தில் மட்கார்டு இல்லாத சைக்கிளைப் பார்த்தால் ரிப்பேருக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைப்போம். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கி, அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ்தான் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நின்றது. தகடு மட்கார்டு, அதன் பின் நுனியில் வெள்ளைப் பெயின்ட், நடுவில் சிவப்பு வில்லை. பிரேக்குக்கு வயர் கிடையாது. கைப்பிடியிலிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கி, ரப்பர் கட்டையை ரிம்மின் உட்புறத்தில் இழுத்து அழுத்தும். மழை பெய்தால் கட்டை வழுக்கும். செருப்பைத் தரையில் தேய்த்தே வண்டியை நிறுத்தியவர்கள் நாங்கள். ஆனால் அந்த பிரேக்குக்கும் மட்கார்டு கம்பிக்கும் எந்தத் தகராறும் இருந்ததில்லை. இரண்டும் ஒரே தொழிற்சாலையில், ஒன்றை மனதில் வைத்து மற்றொன்றாக, சேர்ந்தே பிறந்தவை.

தகராறு டிஸ்க் வந்த பிறகுதான். சக்கரத்தின் நடுவில், ஹப்பின் இடது பக்கம் வட்டத் தகடு. அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர், முன் ஃபோர்க்கின் இடது காலில், கீழே, பின்பக்கமாக உட்கார்ந்திருக்கும். மட்கார்டைத் தாங்குகிற கம்பி, மட்கார்டின் பின்பாதியிலிருந்து இறங்கி அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற துளைக்கு வர வேண்டும். வருகிற வழியில் சரியாக அந்தக் காலிப்பர் நிற்கிறது.

என் தங்கை மகன் ஒரு டூரிங் சைக்கிள் வாங்கியிருக்கிறான். தென்மேற்குப் பருவமழையில் கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி என்று சாலக்குடியில் இறங்குவது அவன் திட்டம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைப் பக்கம் அந்த மாதங்களில் பெய்கிற மழையை நான் விவரிக்க வேண்டியதில்லை. பையன் மட்கார்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். “ஏனுங் மாமா, இந்த இடது கம்பி மட்டும் துளைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. நல்லா இழுத்துப் பிடிச்சு போல்ட்டைப் போட்டுட்டா நின்னுக்குமுங்களா?”

“நின்னுக்கும் மாப்ளே. அதுதான் ஆபத்து” என்றேன்.

நான் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தவன். கோவைக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். பம்ப்பை அதன் இடத்தில் நிறுத்தி, பைப்பை அதோடு சேர்க்கும்போது பழைய ஃபிட்டர்கள் ஒரு பரீட்சை வைப்பார்கள். இரண்டு ஃப்ளாஞ்சுகளையும் எதிரெதிரே வைத்து, போல்ட்டைக் கையால் நுழைத்துப் பார்க்க வேண்டும். கையால் நுழைந்தால் சரி. கடப்பாரையால் பைப்பை நெம்பித் துளையைச் சேர்த்தால், அல்லது இடைவெளி இருக்கிறதே என்று போல்ட்டை முறுக்கி முறுக்கிப் பைப்பை இழுத்து ஒட்டவைத்தால், அந்த வேலை அவர்களிடம் செல்லாது. வெளியே பார்க்க எல்லாம் கச்சிதமாக இருக்கும். தண்ணீரும் கொட்டும். ஆனால் அந்த இழுவை முழுவதும் பம்ப்பின் உடம்பில் போய் உட்காரும். ஷாஃப்ட் நேர்கோடு தப்பும், பேரிங் சூடாகும், சீல் ஒழுகும். பேரிங் போனதும் விவசாயி பேரிங்கைத் திட்டுவார். பைப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மட்கார்டிலும் இதே கதைதான். அலுமினிய மட்கார்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தெரியும். ஜப்பானில் ஹோஞ்ஜோ என்று அழகான அலுமினிய மட்கார்டு செய்கிறார்கள். பாரீஸை ஒட்டிய பகுதியில் ரெனே எர்ஸ் போன்ற கைவினைஞர்கள் அலுமினிய மட்கார்டைச் சட்டத்தோடு சேர்த்தே அளந்து மாட்டினார்கள். அந்தத் தகட்டை இழுத்துப் பிடித்து மாட்டினால், சாலையின் அதிர்வு சேரச் சேர, போல்ட் போட்ட துளையின் ஓரத்திலிருந்து மயிரிழை போல விரிசல் கிளம்பும். பிளாஸ்டிக் கொஞ்சம் பொறுத்துப் போகும். அது டயரில் உரசிக்கொண்டே இருந்து காட்டிக்கொடுக்கும்.

எனவே கம்பியை முதலில் வளைக்க வேண்டும், பிறகுதான் போல்ட். வண்டியில் வைத்து வளைக்கக் கூடாது. கழற்றி, வைஸில் பிடித்து வளைக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி அது. வளைத்து விட்டால் கொஞ்சம் திரும்பிப் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும், அதனால் வேண்டியதைவிட ஒரு நூல் கூடுதலாக வளைக்க வேண்டும். கூர்மையாக மடிக்காமல், ஒரு உருண்டைக் கம்பியை அண்டக் கொடுத்து மெல்ல வளைப்பது நல்லது. முக்கியமானது, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வளைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வளைந்த இடம் இறுகிப்போய் ஒடியும். அளவை முடிவு செய்துவிட்டு ஒரே தடவையில் செய்கிற வேலை இது. வளைவு காலிப்பரைச் சுற்றி வெளியே வந்து மீண்டும் உள்ளே திரும்ப வேண்டும். பிரேக் ஆயில் ஓடுகிற ஹோஸைக் கம்பி தொடவே கூடாது. ஓயாமல் உரசி ஒருநாள் அறுத்துவிடும்.

இதற்கு வேறு வழிகளும் சொல்வார்கள். நீளமான எம்5 போல்ட்டைப் போட்டு, இடையில் ஒரு குழாய்த் துண்டை வைத்துக் கம்பியை வெளியே தள்ளி மாட்டுவது ஒன்று. பல சைக்கிள்களில் அதுதான் நடைமுறை, தப்பில்லை. ஆனால் போல்ட் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அதன் மரையிலும் துளையிலும் நெம்பு ஏறும். தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் நீட்டாதே என்பேன். ரப்பர் வைத்த வளையத்தை ஃபோர்க் காலில் காலிப்பருக்கு மேலே மாட்டி அதில் கம்பியைப் பிணைப்பது இன்னொன்று. இரும்பு ஃபோர்க்குக்குச் சரி, கார்பன் ஃபோர்க்குக்கு வேண்டாம்.

வளைத்து முடித்ததும் ஒரு பரீட்சை. போல்ட் போடாமல் கம்பியிலிருந்து கையை எடுத்துவிடு. அதன் முனை தானாகத் துளைக்கு நேரே வந்து நிற்க வேண்டும். போல்ட் அதை அங்கே இருத்தி வைக்க மட்டும்தான்; அங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கு அல்ல.

பையனுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் மனதில் ஓடியது வேறு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஓய்வு பெற்றதும் சிங்காநல்லூர் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். மகன் தங்கம், மருமகளும் நல்ல பெண். அமெரிக்காவோடு பேசுகிற வேலை அவளுக்கு. நள்ளிரவு தாண்டித்தான் தூங்குவாள். இவர் நாலரை மணிக்கு எழுந்து டிகாஷன் போடுகிறவர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. “அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா ஆச்சு” என்று மூவரும் சிரித்துக்கொண்டே இழுத்துப் பிடித்து போல்ட்டைப் போட்டுவிட்டார்கள். சில வருஷம் நின்றது. பிறகு ஒருநாள், படித்த பேப்பரைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார்கள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். பேப்பருக்காகவா ஒரு மனுஷன் இப்படிச் செய்வான் என்று உறவெல்லாம் பேசியது. பேரிங்கைத் திட்டிய விவசாயி மாதிரிதான். விரிசல் துளையின் ஓரத்தில் தெரிகிறது. இழுவை முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

அங்கே வளைக்க வேண்டியது வீட்டை விற்பதற்கு முன்னால். காலையில் அடுப்படி யாருடையது, என் பென்ஷனில் எது பொதுச் செலவுக்கு, யார் வந்தால் எந்த அறை, மாதத்தில் எத்தனை நாள் நான் என் ஊரில் இருப்பேன். கேட்கக் கூச்சமான கேள்விகள்தான். தனித்தனியே இருக்கும்போது கேட்டால் பேச்சு. ஒரே கூரைக்குள் வந்தபிறகு கேட்டால் சண்டை. கம்பியை வண்டியிலிருந்து கழற்றி வளைக்கச் சொல்வதும் இதனால்தான்.

யார் வளைவது என்று கேட்பீர்கள். சைக்கிளில் இதற்கு வாதமே கிடையாது. மலை இறக்கத்தில் வண்டியின் பாரத்தையெல்லாம் பிடித்து நிறுத்துவது காலிப்பர். அதன் இடத்தை ஒரு நூல்கூட நகர்த்த முடியாது. கம்பியின் வேலை ஒரு மட்கார்டைத் தூக்கிப் பிடிப்பது. இளமையில் வீட்டின் பாரத்தை நாங்கள் பிடித்தோம், அப்போது எங்களைச் சுற்றி மற்றவர்கள் வளைந்தார்கள். இன்று பாரம் பிடிப்பது மகனும் மருமகளும். பெரியவன் என்பதற்காகக் காலிப்பரை நகர்த்தச் சொல்வது நியாயமா? எனக்கு இதில் சந்தேகமில்லை. என் வயதுக்காரர்களில் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் வளைவதற்கும் எல்லை உண்டு. இடது கம்பி வெளியே துருத்திக்கொண்டு நிற்பது பையனுக்குப் பிடிக்கவில்லை. “வலது கம்பியையும் இதே மாதிரி வளைச்சுட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குமுங்க மாமா” என்றான். கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் தடையே இல்லை. நேராகப் போக வழியிருக்கும்போது நேராகவே போகட்டும். இரண்டின் நீளமும் வேறுவேறாகத்தான் வரும், மட்கார்டு டயருக்கு நடுவில் நிற்கும்படி ஒவ்வொன்றையும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.

பின்சக்கரத்தில் பெரிய வம்பில்லை. இப்போதைய டூரிங் சட்டங்கள் பலவற்றில் பின் காலிப்பரை இரண்டு குழாய்களுக்கும் இடையில் உள்ளே தள்ளி வைத்துவிடுகிறார்கள், கம்பிக்கு வழி திறந்தே இருக்கிறது. கேரியரும் மட்கார்டும் ஒரே துளையைப் பங்கிட வேண்டியிருந்தால், பாரம் தாங்குகிற கேரியர் சட்டத்தை ஒட்டி உள்ளே, மட்கார்டு கம்பி அதற்கு வெளியே. வலது பக்கம் போல்ட்டின் முனை உள்ளே நீட்டிக்கொண்டு சின்னப் பல்சக்கரத்திலோ செயினிலோ இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே குறுக்குப் பாலத்தில் மட்கார்டு எட்டவில்லை என்றால் போல்ட்டால் தூக்கி இழுக்காமல், இடைவெளிக்கு வாஷர்களைக் கொடுத்து நிரப்புங்கள். டயர் 40 மி.மீ. அகலம் என்றால் மட்கார்டு 50-க்குக் குறையக் கூடாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது வேண்டும். இல்லாவிட்டால் பொடிக்கல் சிக்கும். இத்தனைக்கும் நடுவில் டிஸ்க்கை எண்ணெய்க் கையால் தொடாதே, பக்கத்தில் நின்று எண்ணெய் ஸ்பிரே அடிக்காதே, சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக்கைப் பிடிக்காதே என்று பையனிடம் எத்தனை தடவை சொன்னேனோ.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். போன்றவர்களின் முன் மட்கார்டில், கம்பி ஃபோர்க்கில் வந்து சேருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். பலமாக இழுத்தால் கழன்றுகொள்ளும். ஓடுகிற வண்டியில் ஒரு குச்சி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சிக்கினால், சக்கரம் அதை மேலே இழுத்து மட்கார்டைச் சுருட்டி ஃபோர்க்கின் அடியில் அடைத்துவிடும். முன்சக்கரம் நின்றுபோகும், ஓட்டுகிறவன் கைப்பிடிக்கு மேலே பறப்பான். அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்கத்தான் அந்தக் கிளிப். லொடலொடக்கிறது என்று இதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுகிற புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். நான் மாட்டுகிற வண்டியில் அதைத் தொட விடமாட்டேன். எந்த உறவிலும் கழன்றுகொள்ள ஒரு இடம் வேண்டும். கோபம் வந்தால் ஒருவர் மாடிக்குப் போய்விடலாம், அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம். அதையும் கட்டிப்போட்டால் குடும்பமே குப்புற விழும்.

கடைசியாக மட் ஃப்ளாப். பழைய கார் ரப்பர் மேட்டில் இரண்டு துண்டு வெட்டினோம். முன் ஃப்ளாப் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறங்கினால் ஷூவும் செயினும் தப்பிக்கும். “பின்னாடி ஃப்ளாப் எனக்கு எதுக்குங்க மாமா?” என்றான். “உனக்கில்லை. உன் பின்னாடி ஒட்டி வர்றவன் வாயில சேறு தெறிக்காம இருக்க.” “அவனுக்கு நான் எதுக்கு மாட்டணுமுங்க?” “உனக்கு முன்னாடி போறவன் மாட்டியிருக்கணும்னு நீ நினைப்பியா மாட்டியா?” என்றேன். பேசாமல் துளை போட்டான்.

புதிதாக மாட்டிய போல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். மரையில் ஒரு சொட்டு நீல லாக்டைட் விட்டிருக்கிறோம். இருந்தாலும் பொள்ளாச்சியில் டீக்கு நிற்கும்போது ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொல்லி, 4 மி.மீ. ஆலன் கீயைப் பையில் எங்கே வைத்தான் என்றும் கேட்டுக்கொண்டேன்.